34 மாதம் பச்சை, 35ஆவது மாதம் சிவப்பு: பெரிய கொள்முதலை யார்தான் பார்க்கிறார்கள்?

புதுக்கோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அரசுத் துறையில் களப்பணியில் இருந்தவள் நான், அதாவது வாங்கிக் கொடுக்கிற பொருளைப் பயன்படுத்துகிற பக்கம். எட்டு மாதத்துக்கு முன் கொள்முதல் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றல் வந்தது. வந்ததும் என் மேசைக்கு வந்த முதல் கோப்பு, துறை முழுவதற்கும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கணினி அமைப்பு பற்றியது. எந்தத் துறை, யார் ஒப்பந்ததாரர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

மாதம் ஓர் ஆய்வுக் கூட்டம், மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை உயர்மட்டக் குழு என்று எல்லாமே ஒழுங்காக நடந்திருக்கிறது. கூட்டத்துக்கு வராதவர்களுக்குப் போட்ட நினைவூட்டல் கடிதம்கூட கோப்பில் இருக்கிறது. அறிக்கைகளை முதலிலிருந்து வரிசையாக அடுக்கி இரண்டு நாள் விடாமல் படித்தேன். திட்டம் சரியாகப் போகிறது என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு என்று ஒவ்வொரு மாதமும் குறிப்பார்கள். 34 மாதம் தொடர்ந்து பச்சை. 35ஆவது மாதம் மஞ்சளைத் தொடாமல் நேராகச் சிவப்பு. அந்த மாதம் என்ன ஆயிற்று என்று தேடினால் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒப்படைக்க வேண்டிய தேதி வந்துவிட்டது, கொடுக்க எதுவும் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். காசு வாங்குகிற ஆட்கள் இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நல்ல மனிதர்கள் 34 மாதம் ஒன்றாகக் கூடிப் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை என்றால், கண்காணிப்பு என்று சொல்லி நாம் செய்துகொண்டிருப்பது என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தணிக்கைக்கண்:

அம்மா, அந்தப் பச்சையைப் போட்டது யார் என்று பாருங்கள். திட்டத்தை நடத்துகிறவரே போட்டிருப்பார். மேலே இருப்பவர் அதை வாங்கி அப்படியே தன் அறிக்கையில் ஒட்டியிருப்பார். 26 வருடம் தணிக்கையில் இருந்தேன், நான் பார்த்த பெரும்பாலான கோப்புகளில் இதுதான் வழக்கம்.

இது உங்கள் துறையின் தனி நோய் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. என்ற அமைப்பு 2016இல் ஒரு வேலை செய்தது. அங்கே கூட்டாட்சித் துறைகளின் பெரிய கணினித் திட்டங்களுக்கு அந்தந்தத் துறையின் தலைமைத் தகவல் அதிகாரி ஆபத்து மதிப்பெண் போட்டு, பொது இணையதளத்தில் காட்ட வேண்டும். ஜி.ஏ.ஓ. 95 திட்டங்களை எடுத்துத் தானும் தனியாக மதிப்பெண் போட்டுப் பார்த்தது. 22 இடத்தில் இரண்டும் ஒத்துப்போயின. 60 திட்டங்களில் துறை சொன்னதைவிட ஆபத்து அதிகம். குறைவாக இருந்தது வெறும் 13இல்தான். தவறு இரண்டு பக்கமும் சமமாக விழுந்திருந்தால் கணிப்பில் வந்த பிழை என்று விட்டுவிடலாம். 60க்கு 13 என்று சாய்ந்திருப்பதைப் பார்த்தால் எல்லோருடைய கையும் பச்சைப் பக்கமே போகிறது என்று தெரிகிறது.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் அறிக்கைகளில் 'முன்னேற்றம் 70 சதவீதம்' என்று இருந்தால், அந்த 70 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பல இடங்களில் பணம் எவ்வளவு போயிற்று என்பதைத்தான் வேலை எவ்வளவு முடிந்தது என்று எழுதிவைப்பார்கள். பணம் 70 போய் வேலை 30 முடிந்திருந்தாலும் அறிக்கை 70 என்றே காட்டும்.


கடைசிவரிசை:

ஒரு சந்தேகம். நான் இந்தத் துறையில் இல்லை, வரி கட்டுகிறவன் மட்டும். கூட்டத்தில் பத்துப் பேர் இருக்கும்போது ஒருவருக்காவது தெரியாதா? தெரிந்தவர் ஏன் வாயைத் திறப்பதில்லை?


நட்டுபோல்ட்டு:

தெரியும். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன், ஒப்பந்ததாரர் நிறுவனங்களில் பொறியாளராகப் பதினோரு வருடம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பக்கமும் கீழ்நிலையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்குத் தெரியும். மேலே போகப் போகத்தான் அது கரைந்துவிடும்.

எப்படிக் கரைகிறது என்று என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தில் நான் என் அணித்தலைவருக்கு எழுதினேன், 'இந்தப் பகுதி சோதனையில் மூன்று முறை விழுந்துவிட்டது, காரணம் தெரியவில்லை' என்று. அவர் மேலாளருக்கு எழுதும்போது 'சோதனையில் சில சிக்கல்கள், சரிசெய்யப்படுகின்றன' என்று ஆனது. மேலாளர் வாடிக்கையாளர் துறைக்கு அனுப்பியது 'சோதனைகள் நடைபெறுகின்றன'. துறையின் திட்ட அதிகாரி தன் உயர் அதிகாரிக்கு 'சோதனைக் கட்டத்தை எட்டிவிட்டோம்' என்று எழுதினார். கடைசியில் உயர்மட்டக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் அது சாதனைகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. இதில் எந்த வரியும் பொய் இல்லை, யாரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் நான் எழுதிய 'காரணம் தெரியவில்லை' என்ற இரண்டு சொல் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, குழுவுக்குத் தெரிய வேண்டியதே அந்த இரண்டு சொல்தான்.

ஏன் வாயைத் திறப்பதில்லை என்று கேட்டீர்கள். சிவப்பு போட்டால் அடுத்த வாரமே கேள்வி வரும், விளக்கம் கேட்பார்கள், அடுத்த தவணை நிற்கும். பச்சை போட்டால் இன்று ஒன்றும் ஆகாது. அப்புறம் இன்னொரு விஷயம், அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள், திட்டம் ஏழு எட்டு வருடம் ஓடுகிறது. சிவப்பு எப்படியும் அடுத்தவர் காலத்தில்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, ஆனாலும் அப்படியேதான் நடக்கிறது.


புதுக்கோப்பு:

நட்டுபோல்ட்டு அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கோப்பைத் திரும்ப எடுத்தேன். 'சோதனைக் கட்டத்தை எட்டிவிட்டோம்' என்ற வரி அப்படியே இருக்கிறது, 19ஆவது மாதம்.

தணிக்கைக்கண் ஐயா சொன்ன சதவீதக் கணக்கையும் பார்த்தேன். அங்கே வேறொன்று தட்டுப்பட்டது. இந்தத் திட்டத்துக்கு மதிப்பீடு மூன்று முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முறையான ஒப்புதல் உண்டு. ஆனால் திருத்திய மறு மாதத்திலிருந்து எல்லா ஒப்பீடும் புதிய மதிப்பீட்டோடுதான். ஆகவே எந்த மாதத்தை எடுத்தாலும் செலவு 'மதிப்பீட்டுக்குள் உள்ளது'. முதல் மதிப்பீடு எவ்வளவு என்பது முதல் கோப்பின் உள்ளே எங்கோ கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று, ஏனென்றால் அந்தக் கோப்பு பதிவறைக்குப் போய்விட்டது. தேதிக்கும் இதே கதைதான்.


தணிக்கைக்கண்:

அம்மா, நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராணுவத் தளவாடங்கள் வாங்குவதற்கு நன் மெக்கர்டி சட்டம் என்று ஒன்று உண்டு. செனட்டர் சாம் நன், கீழவை உறுப்பினர் டேவ் மெக்கர்டி இருவரும் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. ஒரு பெரிய ஆயுதத் திட்டத்தில் ஒரு பொருளின் அலகு விலை, ஒப்புக்கொண்ட மதிப்பீட்டைவிட 15 சதவீதம் ஏறினால் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். 25 சதவீதம் ஏறினால் அது கடுமையான மீறல், விஷயம் பாதுகாப்பு அமைச்சர் வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வருடம் எதனோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? நடப்பு மதிப்பீட்டோடு. விலை 14 சதவீதம் ஏறியதும் மதிப்பீட்டைத் திருத்து, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சட்டம் மீறப்படவே இல்லை, ஆனால் விலை மட்டும் இரண்டு மடங்கு ஆகலாம். இந்த ஓட்டையை 2006இல்தான் அடைத்தார்கள். முதல் மதிப்பீட்டோடும் ஒப்பிட வேண்டும், அதைவிட 30 சதவீதம் ஏறினால் அறிவிப்பு, 50 சதவீதம் என்றால் கடுமையான மீறல் என்று சேர்த்தார்கள். 2009இல் இன்னொரு சட்டம் வந்து, கடுமையான மீறல் என்றால் திட்டம் ரத்து என்பதே இயல்பு நிலை, தொடர வேண்டும் என்றால் அமைச்சர் காரணங்களைச் சொல்லிச் சான்றளிக்க வேண்டும் என்று மாற்றியது. விலையைக் கணக்கிட, திட்டத்தை நடத்துகிற படைப்பிரிவுக்கு வெளியே தனி அலுவலகமும் அதே சட்டத்தில் வந்தது.

நான் பணியில் இருந்தபோது எந்தக் கோப்பை எடுத்தாலும் முதலில் தேடியது முதல் மதிப்பீட்டைத்தான். திருத்துவது தவறில்லை. தேவை மாறும், விலைவாசி மாறும், திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்தியது முதல் எண்ணை அழிக்கக் கூடாது. முதல் எண் என்பது, இந்தப் பணத்துக்கு இந்தத் தேதியில் இதைத் தருகிறோம் என்று சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம், அந்த வாக்கு. அது ஒவ்வோர் அறிக்கையிலும் முதல் பத்தியிலேயே இருந்திருந்தால் உங்கள் 34 பச்சையில் பாதியாவது நின்றிருக்காது.


வேகத்தடை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஆனால் நீங்கள் சொன்ன சட்டத்தின் முடிவையும் சொல்லுங்கள் ஐயா. சென்டினல் என்ற ஏவுகணைத் திட்டம் 2024 ஜனவரியில் இதே சட்டத்தின்படி கடுமையான மீறல் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் மறுமதிப்பீடு வந்தபோது செலவு சுமார் 14,100 கோடி டாலர், 2020இல் சொன்னதைவிட 81 சதவீதம் கூடுதல். ரத்து செய்தார்களா? இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம், மாற்று இல்லை என்று சான்றளித்துத் தொடர்ந்துவிட்டார்கள். இவ்வளவு கண்காணிப்பும் எதற்கு?

நான் இன்னும் களத்தில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு முறை ஒரு திட்டம் கவிழும்போதும் ஒரு புதிய குழு, ஒரு புதிய படிவம், ஒரு புதிய கையெழுத்து வருகிறது, பழையது ஒன்றும் போவதில்லை. எங்களுக்கு வேண்டிய ஒரு கருவிக்கு விவரக்குறிப்பு எழுதி ஒப்புதல் கிடைப்பதற்குள் அந்த மாதிரியே உற்பத்தியில் இல்லாமல் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து. காத்திருக்கிற மக்களின் பக்கமிருந்து பார்த்தால் தாமதமும் வீண் செலவுதான், அதை எந்தத் தணிக்கைக் குறிப்பும் எழுதுவதில்லை.


தணிக்கைக்கண்:

வேகத்தடை, நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. தாமதத்தின் விலையை நாங்கள் எழுதியதில்லை, எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் சென்டினலில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தொடரலாம் என்றபோதே, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று அந்தத் திட்டத்துக்கு 2020இல் கொடுத்திருந்த ஒப்புதலை ரத்து செய்து, திரும்ப அமைத்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். 81 என்ற எண்ணும் வெளியே வந்தது. உங்களாலும் என்னாலும் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறதே. மதிப்பீட்டைச் சத்தமில்லாமல் மூன்று முறை திருத்தியிருந்தால் இங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்?


சிவப்புமை:

நிதிப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். வேகத்தடை அவர்களின் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் கண்காணிப்பு அதிகமாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. தாளில் அதிகமாகவும் நடப்பில் குறைவாகவும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் பெரிய முதலீடுகளுக்குக் கட்டத்துக்கு ஒரு முறையும் ஆண்டுக்கு ஒரு முறையும் மறுஆய்வு கட்டாயம் என்று விதி இருந்தது. 2008இல் ஜி.ஏ.ஓ. போய்ப் பார்த்தால், அப்படிச் செய்திருக்க வேண்டிய 48இல் 45 திட்டங்கள் விதிப்படி ஆய்வு செய்யப்படவே இல்லை. விதி புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

என்னைக் கேட்டால், இந்த வேலையில் மிகப் பெரிய கேள்வி 'வேண்டாம்' என்று யாரால் சொல்ல முடியும் என்பதுதான். கூட்டத்தில் இருக்கிற பத்துப் பேருக்கும் 'கவனிக்கவும்', 'விரைவுபடுத்தவும்' என்று எழுதுகிற அதிகாரம் உண்டு. நிறுத்துகிற அதிகாரம் யாருக்கும் இல்லை. அல்லது இருப்பவருக்கு உண்மை போய்ச் சேருவதில்லை.

கனடாவின் பீனிக்ஸ் சம்பள அமைப்பைப் பாருங்கள். கூட்டாட்சி அரசின் சுமார் 2,90,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போட வேண்டிய மென்பொருள். 2012இல் ஒப்பந்த நிறுவனம், இதை முழுமையாகச் செய்ய 27.4 கோடி கனடிய டாலர் ஆகும் என்றது. ஒப்புதல் இருந்ததோ 15.5 கோடிக்கு. இந்த இடத்தில் மேலே போய், பணம் போதாது, கூடுதலாகக் கொடுங்கள் அல்லது திட்டத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். திட்டத்தை நடத்திய அதிகாரிகள் அதைச் செய்யவில்லை. 15.5 கோடிக்குள் அடக்குவதற்காக வேலையை வெட்டினார்கள். 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேல் நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். முன்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடுவதுகூட அதில் போயிற்று. ஒரு துறையில் மட்டும் முன்னோட்டம் பார்க்கலாம் என்று இருந்ததையும் ரத்து செய்தார்கள். 2016 பிப்ரவரியில் ஓடவிட்டார்கள். செவிலியர், காவலர், அலுவலர் என்று பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் வரவே இல்லை. 2018இல் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் வேறு. துறையின் செயலாளர் நிலையில் இருந்தவருக்குத் திட்டம் பற்றிய தகவல் வந்த ஒரே வழி அந்தத் திட்டத்தை நடத்தியவர்கள்தான். தனியாக ஒரு கண் இல்லை. அவருக்கு எல்லாம் தயார் என்று சொன்னார்கள், அவர் நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

பிரிட்டனில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதை எல்லா நாடும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு துறையின் தலைமைச் செயலரும் அந்தத் துறைப் பணத்துக்குத் தனிப்பட்ட முறையில் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கணக்கு அதிகாரி. அமைச்சர் சொல்கிற ஒரு செலவு பணத்துக்கு ஏற்ற பலன் தராது, அல்லது முறையாக இல்லை என்று அவருக்குத் தோன்றினால், எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று அமைச்சரிடம் கேட்க வேண்டும். அமைச்சர் எழுத்தில் கொடுத்தால் வேலை நடக்கும், பொறுப்பு அமைச்சருடையது, அந்தக் கடிதம் தலைமைத் தணிக்கையாளருக்குப் போகும். 1991இல் மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி கொடுக்கும் விஷயத்தில், வெளிநாட்டு உதவித் துறையின் செயலர் டிம் லாங்கெஸ்டர் இது சரியில்லை என்று எழுதிவிட்டு உத்தரவு கேட்டார். அமைச்சர் கொடுத்தார், பணமும் போயிற்று. ஆனால் 1994இல் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அது வாங்குகிற திட்டம் இல்லை, உதவித் திட்டம்தான். ஆனாலும் ஓர் அதிகாரி சண்டை போடாமல், வேலையை விடாமல், 'நான் இதை ஏற்கவில்லை' என்று பதிவு செய்ய ஒரு கதவு இருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறது?


கடைசிவரிசை:

> திட்டத்தை நடத்தியவர்கள்தான். தனியாக ஒரு கண் இல்லை.

இதற்கு வெளியே இருந்து நிபுணர் நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாமே?


நட்டுபோல்ட்டு:

வைக்கலாம் தம்பி. ஆனால் அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்கிற ஆள் துறைக்குள் இல்லையென்றால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் டீப்வாட்டர் திட்டம் என்று ஒன்று, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்தவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பழைய கப்பல், விமானம், தகவல் தொடர்பு எல்லாவற்றையும் மாற்றுகிற வேலை. படையிடம் அவ்வளவு கொள்முதல் ஆட்கள் இல்லை. அதனால் 2002இல் லாக்ஹீட் மார்ட்டின், நார்த்ராப் கிரம்மன் இரண்டும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்திடம் மொத்தத்தையும் கொடுத்தார்கள். எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது வரை அவர்கள் கையில். 1,700 கோடி டாலர் என்று தொடங்கி 2005இல் 2,400 கோடிக்குப் போயிற்று.

அதில் முதல் வேலைகளில் ஒன்று, 110 அடி ரோந்துப் படகுகளை 123 அடியாக நீட்டுவது. எட்டுப் படகை நீட்டினார்கள். முதல் படகின் உடல் 2004இலேயே அலையில் வளைந்துவிட்டது. பலப்படுத்திப் பார்த்தார்கள், வேறு இடத்தில் விரிசல் விட்டது. 2006 நவம்பரில் எட்டையும் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 10 கோடி டாலர். நீட்டினால் உடல் தாங்காது என்று படையின் சொந்தப் பொறியாளர்களே தொடக்கத்தில் எச்சரித்திருந்தார்கள், ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. 2007இல் தளபதி தாட் ஆலன், இனி ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் படையே எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்து, பிறகு சொந்த ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

நான் ஒப்பந்ததாரர் பக்கத்து ஆள், அதனால் சொல்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் தெரியும் என்றால் நாங்களும் ஒழுங்காக இருப்போம். நல்ல கேள்வி கேட்கிற ஒரு பெண் பொறியாளர் ஒரு துறையில் இருந்தார், அவர் வருகிற கூட்டத்துக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் நாலு நாள் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக மாட்டோம், உண்மையிலேயே வேலை நடக்கும். அவர் மாற்றலாகிப் போனதும் அந்த நாலு நாளும் போயிற்று.

இன்னொன்று, குறைந்த விலை. டெண்டரில் நாங்கள் போட்ட விலைக்கு அந்த வேலையைச் செய்ய முடியாது என்று எங்களுக்கே தெரிந்த ஒப்பந்தங்கள் உண்டு. விவரக்குறிப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வோம், கையெழுத்தான பிறகு 'கூடுதல் பணி' என்று ஒவ்வொன்றாக வரும். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த விலை சாத்தியமா என்று கையெழுத்துக்கு முன்னால் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் எங்களைத் தடுத்திருக்கலாம்.


நதிமூலம்:

எல்லோரும் உள்ளே இருக்கிற கண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே லட்சம் கண் இருக்கிறது. உக்ரைனில் புரோசோரோ என்று ஒரு மின்னணுக் கொள்முதல் தளம், 2016 ஆகஸ்டிலிருந்து அரசுக் கொள்முதலுக்குக் கட்டாயம். யார் என்ன விலை கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது எல்லாம் பொதுவில். அதன் மேல் குடிமக்கள் அமைப்புகள் தோசோரோ என்ற கண்காணிப்புத் தளத்தை நடத்துகின்றன, சந்தேகமான டெண்டரை யார் வேண்டுமானாலும் சுட்டலாம். கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளே பச்சையா சிவப்பா என்று விவாதிப்பதைவிட இது நேரான வழி.


சிவப்புமை:

நதிமூலம், முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மேசை, மருந்து, எரிபொருள் போன்ற விலை ஒப்பிடக்கூடிய பொருளுக்கு டெண்டரைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஏழு வருடம் ஓடுகிற பெரிய திட்டத்தில் டெண்டர் என்பது முதல் நாள் மட்டும். பணம் போவது அதற்கப்புறம் வருகிற மாற்ற ஆணைகளில், அதாவது ஒப்பந்தத்தின் வேலையையோ தொகையையோ மாற்றுகிற உத்தரவுகளில். ஆகவே திறக்க வேண்டியது திருத்தங்களை. ஒவ்வொரு மாற்ற ஆணையும் தொகை, காரணம், கையெழுத்துப் போட்டவரின் பதவி இவற்றோடு வெளியே வரட்டும்.


வேகத்தடை:

சரி, இதில் எனக்கும் உடன்பாடுதான். ஒரு நிபந்தனை மட்டும். புதிதாக ஓர் அறிக்கை கேட்டால் பழையதில் இரண்டை நிறுத்துங்கள். சிறிய வாங்கலுக்கும் பெரிய திட்டத்துக்கும் ஒரே படிவம் என்பதை விட்டுவிடுங்கள். நூறு சின்னக் கோப்பைப் பார்க்கிற நேரத்தில்தான் அந்தப் பெரிய ஒன்று கண்ணில் படாமல் போகிறது.

புதுக்கோப்பு அவர்களே, களத்திலிருந்து வந்தவர் நீங்கள். பயன்படுத்தப் போகிற ஆளை அந்த ஆய்வுக் கூட்டத்தில் எப்போதாவது உட்கார வைத்தார்களா என்று பாருங்கள். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.


கடைசிவரிசை:

அக்கா, சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதே. இந்தக் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. நீங்கள் ஒருவராக என்ன செய்யப் போகிறீர்கள்?


தணிக்கைக்கண்:

அவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. அம்மா, பழையவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி எதையும் எழுதாதீர்கள். எழுதினால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள், திட்டத்தை மறந்துவிடுவார்கள். எண்களை மட்டும் வரிசையாக வையுங்கள். முதலில் சொன்னது, பிறகு சொன்னது, இன்று இருப்பது. பெயரடை ஒன்றும் வேண்டாம். அப்புறம் 'முடிந்தது' என்று குறித்த ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள்.


புதுக்கோப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஒரே ஒரு தாள் தயாரித்தேன். இடது பக்கம் முதல் மதிப்பீடு, முதல் தேதி, முதலில் தருவதாகச் சொன்ன 22 வசதிகள். அதற்குப் பக்கத்தில் மூன்று திருத்தங்கள், கடைசியில் இன்றைய நிலை. ஐயா சொன்னபடி பெயரடை எதுவும் போடவில்லை. எங்கள் மேலதிகாரி அதை ஐந்து நிமிடம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பிறகு 'இப்படி ஒரு தாளை நான் இதுவரை பார்த்ததே இல்லையே' என்றார். அவர் இந்தத் திட்டத்தின் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறார்.

ஒப்பந்ததாரரின் இடத்துக்கு நேரில் போனேன். தனியாகப் போகவில்லை, களத்திலிருந்து என் பழைய சக ஊழியர் இருவரை அழைத்துப் போனேன். 'முடிந்தது' என்று குறித்திருந்த வசதிகள் 14. எங்கள் ஆட்களே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்ததில் ஒன்பது ஓடின. மீதி ஐந்தில் திரை வருகிறது, உள்ளே எதுவும் இல்லை. அங்கே இருந்த இளம் பொறியாளர் ஒருவர், நாங்கள் கேட்டதும், அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எந்தெந்தப் பகுதி எங்கே நிற்கிறது என்று அவரே ஒன்றொன்றாகக் காட்டினார். நட்டுபோல்ட்டு அண்ணா எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது.

உயர்மட்டக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. ஓடுகிற ஒன்பதை வைத்து இரண்டு அலுவலகங்களில் மட்டும் முன்னோட்டம் பார்ப்பது, ஐந்துக்கும் காரணமும் தேதியும் எழுத்தில் வரும்வரை அடுத்த தவணையை நிறுத்திவைப்பது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று இரண்டு பேர் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், காலாவதியாகும். சிவப்புமை அவர்களே, இந்த ஒரு விஷயத்தில் உங்கள் உதவி தேவை. நிறுத்திவைத்த தவணையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக நிதிப் பிரிவிடம் எந்தக் கட்டத்தில், என்ன காரணம் காட்டிக் கேட்க வேண்டும்? குழு கூடுவதற்கு முன் அந்தக் கடிதம் என் கையில் இருக்க வேண்டும்.


சிவப்புமை:

இருக்கும். முதலில் ஒப்பந்தத்தில் தவணை எதற்கு என்று எழுதியிருக்கிறது, தேதிக்கா அல்லது வேலை முடிந்ததற்கா, அந்தப் பக்கத்தை மட்டும் துறைப் பெயர் மறைத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வேலை முடிந்ததற்கு என்று இருந்தால் தொகை இன்னும் கொடுபடவேண்டியதாகவே ஆகவில்லை, எதிர்ப்பவர்களுக்கு அதுவே பாதிப் பதில். தேதிக்கு என்று இருந்தால் கொஞ்சம் கடினம், இன்று இரவே உட்கார்ந்து வரைவு எழுதலாம்.